கிளட்ச் எப்போது தேய்கிறது?

கார் ஓட்டப் பழகிய நாட்களில் எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பாடம் சொன்னார்கள். "கிளட்சை அடிக்கடி மிதிக்காதே, தேய்ந்துவிடும்" என்றார் ஒருவர். "எவ்வளவு மெதுவாக விடுகிறாயோ அவ்வளவு காலம் அது உழைக்கும்" என்றார் இன்னொருவர். "எஞ்சின் அணைந்துபோனால் கிளட்ச் கெட்டுவிடும், கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்துக்கொள்" என்றார் மூன்றாமவர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். மூவர் பேச்சையும் கேட்டு ஓட்டிய நான், ஒரு மலைப்பாதையில் வாகனங்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்த மாலையில், காருக்குள் கருகிய நாற்றம் ஏறுவதை முதல்முறையாக உணர்ந்தேன். சில வாரங்களில் கிளட்சை மாற்ற வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்தபின் வியப்பாக இருந்தது. எப்போது தேயும், எப்போது தேயாது என்பதற்கு ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் யார் சொல்லும் பாடத்தையும் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த விதியை, இப்போதுதான் ஓட்டத் தொடங்கியிருப்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## கைக்குள் நழுவும் கயிறு

கயிறு இழுக்கும் போட்டியில் நீங்கள் நிற்கிறீர்கள். கயிற்றை இறுகப் பிடித்திருக்கும்வரை, எதிரணி எவ்வளவு பலமாக இழுத்தாலும் உள்ளங்கை உரியாது. கயிற்றை முழுதாக விட்டுவிட்டாலும் கைக்கு ஒன்றும் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில், பிடி தளர்ந்து, பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும்போது கயிறு உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே, அப்போதுதான் தோல் எரிந்து உரிகிறது.

கிளட்சின் கதையும் இதுதான். இறுகப் பிடித்திருந்தால் தேய்வில்லை. முழுதாக விட்டுவிட்டால் தேய்வில்லை. நடுநிலையில் நழுவும்போது மட்டும் தேய்கிறது. இனி வருவதெல்லாம் இந்த மூன்று வாக்கியங்களின் விரிவுதான்.

## எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஏன் ஒரு பொருள் தேவை?

பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் எஞ்சினால் ஒருபோதும் மிக மெதுவாகச் சுழல முடியாது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டாலும் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்று சுழன்றுகொண்டிருக்கும். அதற்குக் கீழே வெகுவாக இறங்கினால் அணைந்துவிடும். நின்றிருக்கும் காரின் சக்கரமோ சுழலவே இல்லை. ஒன்று 800, மற்றொன்று பூஜ்யம். இரண்டையும் திடீரென்று கோத்துவிட்டால் என்ன ஆகும்? கார் ஒரு குதி குதிக்கும், எஞ்சின் நின்றுபோகும்.

ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை நின்றிருக்கும் பக்கத்தோடு சிறிது சிறிதாக இணைக்க ஒரு நடுவர் தேவைப்படுகிறார். அந்த நடுவர்தான் கிளட்ச். கார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வரும்வரை அது கொஞ்சம் நழுவியே தீர வேண்டும். அதாவது, கொஞ்சம் தேய்வது அதன் கடமையிலேயே அடங்கியிருக்கிறது. தேய்வையே இல்லாமல் ஆக்க யாராலும் முடியாது. தேவையற்ற தேய்வைத் தவிர்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

## உள்ளே என்ன இருக்கிறது?

எஞ்சினின் முனையில் ஒரு கனமான இரும்பு வட்டு பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் சுழலும்போதெல்லாம் அதுவும் சுழலும். அதன் பெயர் ஃப்ளைவீல். அதற்கு எதிரே, கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டில், ஒரு மெல்லிய வட்டத் தட்டு இருக்கும். அதன் இரு முகங்களிலும் பிரேக்கில் இருப்பதைப் போன்ற உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டிருக்கும். இதுதான் கிளட்ச் பிளேட். தேய்ந்து முடிவதும் இதுதான். இந்தத் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் இன்னொரு வட்டு, பிரஷர் பிளேட். அதன் பின்னால் வலுவான ஸ்பிரிங் ஒன்று நின்று தள்ளிக்கொண்டே இருக்கும்.

இங்கே புதியவர்கள் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பிரேக் பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்கிறது; அதுபோல் கிளட்ச் பெடலை மிதித்தால் கிளட்ச் பிடிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நடப்பது நேர்மாறு. கால் பெடலில் இல்லாதபோதுதான் ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு தட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் என்ற சிறிய உருளை வளையம் முன்னே நகர்ந்து ஸ்பிரிங்கை அழுத்துகிறது; அந்த இறுக்கம் விலகுகிறது; எஞ்சினும் சக்கரமும் தனித்தனியாகின்றன.

பெடலை மெல்ல மேலே விட்டுக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை சற்றே தணியும். காரின் முன்பக்கம் இலேசாக அசையும். தட்டு ஃப்ளைவீலைத் தொட்டு இழுக்கத் தொடங்கும் அந்த இடத்தை "பிடிக்கும் இடம்" என்று சொல்வார்கள். அங்கிருந்து பெடல் முழுதாக மேலே வரும்வரை உள்ள சிறிய தூரத்தில்தான் கிளட்சின் ஆயுள் முழுவதும் செலவாகிறது. அரை கிளட்ச் என்று பேச்சில் சொல்வது இந்த நிலையைத்தான்.

இதுவரை: பெடல் முழுதாகக் கீழே இருந்தால் தட்டு தனியாக இருக்கிறது. முழுதாக மேலே இருந்தால் ஒட்டிப் பிடித்திருக்கிறது. நடுவில் இருந்தால் உரசுகிறது.

## உரசல் எவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது?

மீண்டும் கயிற்றுக்கு வருவோம். உள்ளங்கை எவ்வளவு எரியும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு பலமாகக் கயிறு இழுக்கப்படுகிறது, எவ்வளவு வேகமாக நழுவுகிறது, எவ்வளவு நேரம் நழுவுகிறது. கிளட்சிலும் இதே மூன்றுதான். சுமை, இரு பக்கங்களின் வேக வித்தியாசம், நேரம். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது வெப்பம். உராய்வுப் பொருளைத் தின்பது அந்த வெப்பம்தான்.

சில எண்களைப் போட்டுப் பார்த்தால் இது நன்றாகப் பதியும். 1,200 கிலோ எடையுள்ள ஒரு சராசரி கார். சமதரையில், முதல் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல, கிளட்சை நழுவவிட்டுக் கிளம்புகிறீர்கள். இரு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது கார் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதற்குள் கிளட்சில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 6.7 கிலோஜூல். இந்த அளவைத் தாங்கத்தான் கிளட்ச் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு நாளில் நூறு முறை இப்படிக் கிளம்பினாலும் அது முனகாது.

அதே காரை 3,000 சுற்றில் உறுமவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். சுற்று இரண்டு மடங்கு. வெப்பமும் இரண்டு மடங்கு என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் அது நான்கு மடங்கு. கார் இரண்டு மடங்கு வேகத்தை எட்டினால்தான் இரு பக்கமும் சேரும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். இதே காரணத்தால், முதல் கியருக்குப் பதில் இரண்டாம் கியரில் கிளம்பினால் மூன்று மடங்குக்கும் மேல் சூடேறும். "இரண்டாம் கியரில் மென்மையாகக் கிளம்புகிறது" என்று மகிழ்பவர்கள் அந்த மென்மைக்குக் கிளட்ச் கொடுக்கும் விலையை அறிவதில்லை.

## மேட்டில் நிற்பது

எனக்கு நடந்தது இங்கேதான். எனவே இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

ஏற்றத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். கார் பின்னால் உருளக் கூடாது. பிரேக்கில் கால் வைக்காமல், கிளட்சைப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து, கார் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் அந்தரத்தில் நிற்கும்படி சமன் செய்கிறீர்கள். பார்ப்பவர்களுக்கு அது தேர்ந்த கைத்திறன் போலத் தெரியும். நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். கார் நகரவில்லை, எனவே எஞ்சின் கிளட்சுக்குத் தரும் ஆற்றலில் ஒரு துளிகூடச் சக்கரத்தின் வேலையாக மாறவில்லை. அத்தனையும் வெப்பமாகிறது. 10 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில், மேலே சொன்ன அதே காரை 1,500 சுற்றில் இப்படிப் பிடித்து நிறுத்தினால், கிளட்சில் உண்டாகும் வெப்பம் 3.5 கிலோவாட்டைத் தாண்டும். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டில் இரண்டின் சூடு, காற்றோட்டம் அதிகமில்லாத ஒரு மூடிய கூட்டுக்குள்! 20 விநாடி அப்படி நின்றால், சமதரையில் பத்துக்கும் மேற்பட்ட முறை கிளம்பிய தேய்வு ஒரே நிறுத்தத்தில் வந்துவிடும். சமதரையில் கிளம்பும்போது நழுவல் இரண்டொரு விநாடியில் முடிகிறது. இங்கே நீங்கள் காலை எடுக்கும்வரை அது முடிவதே இல்லை.

மாற்று வழி எளியது. மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், நியூட்ரலுக்கு மாறுங்கள், இரண்டு கால்களுக்கும் ஓய்வு கொடுங்கள். கிளம்பும்போது முதல் கியர், சிறிதளவு ஆக்சிலரேட்டர், பெடல் பிடிக்கும் இடத்துக்கு வந்து காரின் பின்பகுதி சற்று அமிழ்வதை உணர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கார் உருளாமல் முன்னே நகரும். அந்த நொடியிலிருந்து கிளட்சை முழுதாக விட்டுவிடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். சில கார்களில் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இரண்டொரு விநாடி பிரேக் தானாகவே பிடித்திருக்கும். அப்படியானால் வேலை இன்னும் எளிது.

## நெரிசலில் ஊர்வது

முன்னால் இருக்கும் கார் இரண்டடி நகர்ந்தால் நாமும் இரண்டடி நகர வேண்டும் என்ற அவசரம் நெரிசலில் எல்லாருக்கும் வரும். அந்த இரண்டடியில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் நிலைக்கே வருவதில்லை. நழுவல், நிறுத்தம், மீண்டும் நழுவல் என்று ஒரு மணி நேரம் போகும்.

சற்றே பொறுத்து, முன்னால் நான்கைந்து கார் நீளத்துக்கு இடம் விழும்வரை காத்திருங்கள். பிறகு முதல் கியரில் கிளம்பி, பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். சமதரையில் பெரும்பாலான கார்கள் ஆக்சிலரேட்டரே இல்லாமல், எஞ்சினின் ஓய்வுச் சுழற்சியிலேயே மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். கால் பெடலில் இல்லை, தட்டு நழுவவில்லை, கார் போய்க்கொண்டிருக்கிறது. இப்படி ஊர்ந்தால் வரிசையில் பெரிதாகப் பின்தங்க மாட்டீர்கள்; பின்னால் இருப்பவர் ஒலி எழுப்பினால் எழுப்பிக்கொள்ளட்டும்.

பின்னோக்கி எடுத்து நிறுத்தும்போது மட்டும் கொஞ்சம் நழுவவிட்டே ஆக வேண்டும். அங்குலக் கணக்கில் நகரும் வேலைக்கு 6 கிலோமீட்டர் வேகமே அதிகம். அதில் குற்றமில்லை. ஆக்சிலரேட்டரை மட்டும் உறுமவிடாமல் இருந்தால் போதும்.

## அந்த மூன்று பாடங்கள்

இப்போது நான் கேட்ட பாடங்களை விதியோடு ஒப்பிடலாம்.

அடிக்கடி மிதித்தால் தேயுமா? மிதிப்பதால் தட்டு தேயாது. மிதித்ததை விடும்போது எவ்வளவு நழுவுகிறது என்பதுதான் கணக்கு. ஓடும் காரில் கியர் மாற்றும்போது கிளட்ச் முழுக் காரையும் நகர்த்த வேண்டியதில்லை. எஞ்சினின் சுழற்சியைப் புதிய கியருக்கு ஏற்ப மாற்றினால் போதும். அதனால் அந்தச் சூடு கிளம்பும்போது வருவதைவிட மிகச் சிறியது. தேவையான நேரத்தில் கியர் மாற்றத் தயங்க வேண்டாம். கீழ் கியருக்கு இறங்கும்போது, பெடலை விடுமுன் ஆக்சிலரேட்டரை ஒரு தொடு தொட்டு எஞ்சினின் சுழற்சியைச் சற்று உயர்த்தினால், அந்தச் சிறிய சூடும் ஏறக்குறைய இல்லாமல் போகும். பழகப் பழக இது கைவரும். முதல் மாதத்திலேயே வராவிட்டால் கவலை வேண்டாம்.

மெதுவாக விடுவது நல்லதா? பிடிக்கும் இடம்வரை வேகமாகவே வரலாம். அங்கே தட்டு இன்னும் தொடவே இல்லை. பிடிக்கும் இடத்தில் இரண்டொரு விநாடி நிதானம், கார் நகர்ந்ததும் முழுதாக விடுதல். இதுதான் அளவு. ஐந்தாறு விநாடி இழுத்து இழுத்து விட்டால் பயணம் பட்டுப்போல இருக்கும். நேரம் என்ற பெருக்கல் எண்ணை நீட்டிக்கொண்டே போகிறோம் என்பது மட்டும் தெரியாது.

மூன்றாவது பாடம்தான் மிகக் கெடுதலானது. எஞ்சின் அணைந்துபோவதால் கிளட்சுக்கு அநேகமாக எந்தப் பாதிப்பும் இல்லை. இரு பக்கமும் ஒட்டிக்கொண்டதால்தான் அது அணைந்தது. ஒட்டிக்கொண்ட பிறகு உரசலே இல்லை. அணைந்துவிடுமோ என்ற அச்சத்தில் 3,000 சுற்றுக்கு உறுமவிட்டு, பெடலைப் பாதியில் நிறுத்திக் கிளம்புகிறோமே, அங்கேதான் புதியவர்களின் கிளட்ச் போகிறது. கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கார் நின்றுபோனால் கற்பவரைத் திட்டாதீர்கள். உங்கள் திட்டு நேராகக் கிளட்ச் பிளேட்டில்தான் போய் விழுகிறது.

## பெடலின் மேல் இளைப்பாறும் கால்

இடது காலுக்கு வேலை இல்லாத நேரத்தில் அதைக் கிளட்ச் பெடலின் மேலேயே வைத்திருப்பது பரவலான பழக்கம். அழுத்தவில்லையே என்று தோன்றும். ஆனால் காலின் எடையே ரிலீஸ் பேரிங்கை ஸ்பிரிங்கின் மேல் அழுத்தப் போதுமானது. பேரிங் தேவையில்லாமல் உழைத்துத் தேய்கிறது. பிடியின் இறுக்கத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்றத்திலோ முந்திச் செல்லும்போதோ எஞ்சின் முழு பலத்தையும் தரும் நொடியில், தளர்ந்த பிடி நழுவத் தொடங்கலாம். காரின் இடது ஓரத்தில் கால் வைக்கத் தனி இடம் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

சிக்னலில் முதல் கியரைப் போட்டு, பெடலை முழுதாக மிதித்தபடி நிற்பது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே தட்டு தனியாக இருப்பதால் அது தேயாது. ரிலீஸ் பேரிங்கும் ஸ்பிரிங்கும்தான் சுமையைத் தாங்குகின்றன. சில விநாடிகளுக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் நிற்க வேண்டுமென்றால் நியூட்ரல்தான் முறை.

இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடி உருண்டு செல்வதும் சிலரின் வழக்கம். கிளட்சுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். கியரில், கால் எடுத்த நிலையில் இருக்கும் கிளட்ச் ஏற்கெனவே ஓய்வில்தான் இருக்கிறது. மிதித்து உருளும்போது எஞ்சின் காரைப் பின்னிழுத்துக் கட்டுப்படுத்தும் உதவி போய்விடுகிறது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கலாம். இது தேய்வைவிடப் பெரிய விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது.

## நோய் வந்ததை எப்படி அறிவது?

முதல் அறிகுறி பெரும்பாலும் உயர் கியரில்தான் தெரியும். நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தமாக மிதியுங்கள். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் சட்டென்று ஏற, காரின் வேகம் அதற்கேற்ப ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். பெடலில் கால் இல்லாதபோதும் நழுவுவதுதான் கவலைக்குரியது. பல கார்களில் பிடிக்கும் இடம் பெடலின் மேற்பகுதிக்கு ஏறிக்கொண்டே போவதும் தேய்வைக் காட்டும்.

கருகிய நாற்றம் ஒருமுறை வந்தாலே கிளட்ச் போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். உராய்வுப் பொருளின் மேற்பரப்பு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்பதே அதன் செய்தி. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஆறவிடுங்கள். அதே நிலையில் தொடர்ந்து ஓட்டினால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பாகி, பிடி குறையும். பிடி குறைந்தால் நழுவல் கூடும். நழுவல் கூடினால் சூடு கூடும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் மிச்ச ஆயுள் விரைந்து கரைந்துவிடும். எண்ணெய்க் கசிவால் தட்டு நனைந்தாலும் இப்படி நழுவும்; அது ஓட்டுபவரின் பிழையன்று, எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தீராது.

மாற்ற வேண்டிய நாள் எல்லாக் காருக்கும் ஒருநாள் வரும். நிதானமாக ஓட்டுபவரிடம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும் கிளட்ச், அரை கிளட்சில் ஓட்டுபவரிடம் அதில் சிறு பங்கைக்கூடத் தாண்டாமல் முடிந்துபோகும். மாற்றும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கியர்பெட்டியைக் கழற்றி மாட்டுவதுதான் அதில் பெரிய வேலை. தேய்ந்த பேரிங்கை உள்ளே விட்டுவைத்தால் அதே வேலையைச் சில மாதங்களில் மறுபடியும் செய்ய வேண்டிவரும். ஃப்ளைவீலின் முகத்தில் சூட்டுத் தழும்போ பள்ளமோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய தட்டின் மேற்பரப்பு ஃப்ளைவீலோடு ஒன்றிப் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை முழுச்சுமை ஏற்றுவதையும் உறுமவிட்டுக் கிளம்புவதையும் தள்ளிவையுங்கள். பிடிக்கும் இடம் பழைய கிளட்சில் இருந்த இடத்தில் இருக்காது. முதல் நாள் ஓர் ஆளில்லாத சமதரையில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பெடலை மட்டும் மெல்ல விட்டுக் காரை நகர்த்திப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு முறைக்குள் புதிய இடத்தை உங்கள் கால் தானாகவே அறிந்துகொள்ளும்.